ஓட்டை விழறதுக்கு முன்னாடியே பல் சொத்தைய வெளிச்சத்துல கண்டுபிடிக்கிறது எப்படி

பல்லுல ஓட்டை விழுந்தா இல்ல ராத்திரியில வலிச்சா தான் சொத்தைன்னு நம்ம ஆளுங்க நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு பல் கிளினிக்ல நர்ஸா வேலை செய்றேன், சுத்தி இருக்கிற தோட்டத்துல இருந்தும் தாமான்ல இருந்தும் வர்ற புள்ளைங்கள தெனமும் பாக்குறேன், பாதிப் பேரு வந்து உக்காரும்போதே கன்னம் வீங்கி இருக்கும், இனிமே புடுங்குறத தவிர வழி இல்லன்னு டாக்டர் சொல்லும்போது அந்த அம்மா மொகத்த பாக்க முடியாது. ஆனா ஓட்டை விழறதுக்கு முன்னாடி அந்தப் பல்லு மாசக்கணக்குல, சில பேருக்கு வருசக்கணக்குல கூட, சத்தம் இல்லாம கெட்டுக்கிட்டு இருந்திருக்கும், அந்த நேரத்துல மெஷின் வச்சுக் கொடையவே தேவை இல்ல, நல்லா கவனிச்சா பல்லு தன்னையே சரி பண்ணிக்கும். அந்தக் கட்டத்த கண்ணுல காட்டுறதுக்கு வெளிச்சம் போதும். வீட்டுல டார்ச் வச்சு எப்படி பாக்குறது, கிளினிக்ல என்ன கேக்குறது, ஸ்க்ரீன்ல காட்டுற படத்த எப்படி புரிஞ்சிக்கிறது, இத தான் எழுதுறேன்.

மொதல்ல வெளிச்சத்துல எப்படி தெரியுதுன்னு புரிஞ்சிக்கிட்டா மத்ததெல்லாம் சுலபம். பல்லு மேல இருக்கிற எனாமல் எடையில ஏறக்குறைய 96 சதவீதம் தாது தான், ரொம்ப நெருக்கமா அடுக்கி இருக்கும், அதனால வெளிச்சம் உள்ள நல்லா பூந்து போகும். இனிப்பு சாப்புட்டா வாயில இருக்கிற கிருமி அமிலம் பண்ணும், பிஎச் அளவு (இது எறங்க எறங்க அமிலம் கூடுதுன்னு அர்த்தம்) 5.5க்கு கீழ எறங்குனா அந்தத் தாது கரைய ஆரம்பிக்கும். கரையிறது மேல்தோல்ல இல்ல, மேல்தோலு கெட்டியா அப்படியே இருக்கும், அதுக்கு அடியில தான் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன துவாரமா போகும். ஐஸ் கட்டி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அதையே சீவி ஐஸ் கச்சாங்குக்கு போட்டா வெள்ளையாயிடுது இல்ல, தண்ணி ஒண்ணு தான், உள்ள காத்து பூந்ததுனால வெளிச்சம் செதறுது. எனாமல்லயும் அதே கதை தான், அதனால தான் சொத்தையோட மொத அடையாளம் கருப்பு இல்ல, வெள்ளை. சுண்ணாம்பு தடவுன மாதிரி பளபளப்பு இல்லாத வெள்ளை.

இதுல ஒரு விஷயத்த நல்லா மனசுல வச்சிக்கோங்க, பல்லு ஈரமா இருந்தா இந்த வெள்ளை ஒளிஞ்சிக்கும். ஒளி விலகல் எண்ணுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, எனாமலுக்கு 1.62, தண்ணிக்கு 1.33, காத்துக்கு 1. துவாரத்துல எச்சில் நெறஞ்சி இருந்தா வித்தியாசம் கம்மி, வெளிச்சம் அவ்வளவா செதறாது. காஞ்சி போயி காத்து நெறஞ்சா வித்தியாசம் கூடும், பளிச்சுன்னு வெள்ளை தெரியும். பல் டாக்டருங்க பயன்படுத்துற ஐசிடிஏஎஸ்ங்கிற அளவுகோல்ல இத வச்சே தரம் பிரிச்சிருக்காங்க, காயவச்சா மட்டும் தெரியிற வெள்ளை 1, ஈரத்துலயே தெரியிற வெள்ளை 2, அப்படியே 6 வரைக்கும் போகும், 6னா பெரிய ஓட்டை. நீங்க புடிக்க வேண்டியது அந்த 1, 2ல தான்.

இப்ப வீட்டுல பாக்குறது. புள்ளைக்கு பல்ல நல்லா விளக்கி விட்டுட்டு தான் பாக்கணும், மேல அழுக்கு இருந்தா ஒண்ணும் தெரியாது. சின்னப் புள்ளையா இருந்தா நீங்களும் வீட்டுக்காரரும் எதிரும் புதிருமா முட்டிய ஒட்டி உக்காந்துக்கிட்டு, புள்ள அம்மாவ பாத்த மாதிரி இருக்கணும், தலைய அப்பா மடியில சாச்சி படுக்க வைங்க, அம்மா கைய காலை புடிச்சிக்கிட்டா அப்பாவுக்கு வாய் நல்லா தெரியும், அழுதா கூட பரவால்ல, அழும்போது வாய் தொறந்து தான் இருக்கும். மேல் உதட்ட தூக்குங்க. சுத்தமான பருத்தித் துணியோ காஸோ வச்சி முன்பல்ல தொடச்சி எச்சில் இல்லாம காயவிட்டுட்டு ஃபோன் டார்ச்ச பக்கவாட்டுல இருந்து சாய்ச்சி அடிச்சிப் பாருங்க, நேரா அடிச்சா மினுமினுப்புல கண்ணு ஏமாந்துடும். ஈறு ஓரமா, ஈறோட வளைவ ஒட்டியே, வெள்ளைக் கோடு ஒண்ணு ஓடுதான்னு பாருங்க. பால்பல்லுல சொத்தை பெரும்பாலும் ஆரம்பிக்கிற எடம் இது தான், ராத்திரி பால் போத்தல வாயில வச்சிக்கிட்டே தூங்குற புள்ளைங்களுக்கு முக்கியமா.

ரெண்டாவது எடம் கடவாய். ஆறு வயசு வாக்குல பால்பல்லு எல்லாத்துக்கும் பின்னாடி புதுசா ஒரு பெரிய பல்லு மொளைக்கும், எந்தப் பல்லும் விழாம அது வர்றதுனால நெறைய அம்மாமாருங்க அதையும் பால்பல்லுன்னு நெனச்சி விட்டுடுறாங்க, அது நெரந்தரப் பல்லு, போனா போனது தான், அடுத்து ஒண்ணு மொளைக்காது. புதுசா மொளைச்ச எனாமல் இன்னும் முழுசா இறுகி இருக்காது, அதனால சீக்கிரம் கெடும். அதோட பள்ளத்துல சுண்ணாம்பு வெள்ளை இருக்கா, உள்ளுக்குள்ள சாம்பல் நெறத்துல நெழல் தெரியுதான்னு டார்ச் அடிச்சிப் பாருங்க, நெழல் தெரிஞ்சா எனாமலுக்கு அடியில இருக்கிற டென்டின் வரைக்கும் போயிருக்கலாம், தாமதம் பண்ணாதீங்க. பன்னெண்டு வயசுல அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு மொளைக்கும், அப்பவும் இதே கவனம் வேணும்.

முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல பாக்குறதுக்கு பேனா மாதிரி சின்ன டார்ச் இருந்தா பல்லுக்குப் பின்னாடி, அண்ணம் பக்கமா வச்சி அடிங்க, நீங்க முன்னாடி இருந்து பாருங்க, ரூம்ல லைட்ட அணைச்சிடுங்க. நல்ல பல்லு சீரா ஒளிரும், ரெண்டு பல்லு தொடுற எடத்துல சொத்தை இருந்தா அங்க மட்டும் கருநெழல் விழும். கிளினிக்ல வெலையான மெஷின் செய்றதும் அடிப்படையில இது தான். பின்பல்லுக்கு வீட்டுல இத செய்ய முடியாது, அத விட்டுடுங்க.

வெள்ளையா இருக்கிறதெல்லாம் சொத்தை இல்லங்கிறதையும் சொல்லிடுறேன், ஏன்னா பயந்துபோயி ஓடி வர்றவங்களும் இருக்காங்க. ஃபுளோரைடு அதிகமா போனதுனால வர்ற வெள்ளை எடது பக்கம் வலது பக்கம் ரெண்டுலயும் ஒரே மாதிரி, மெல்லிசா மேகம் படர்ந்த மாதிரி, எல்லை தெரியாம இருக்கும். பல்லு உருவாகும்போதே தாது சரியா சேராம போனா கடவாய்லயும் முன்பல்லுலயும் வெள்ளையோ மஞ்சளோ பழுப்போ திட்டுத்திட்டா, ஓரம் தெளிவா தெரியிற மாதிரி இருக்கும், ஈறு ஓரத்துல தான் இருக்கும்னு இல்ல. சொத்தையோட வெள்ளை அழுக்கு தேங்குற எடத்துல தான் வரும், ஈறு ஓரம், பள்ளம், பல்லுக்கு நடுவுல. சந்தேகமா இருந்தா ஃபோன்ல தெளிவா ஃபோட்டோ எடுத்து வச்சிக்கிட்டு கிளினிக்ல காட்டுங்க, முடிவு டாக்டர் சொல்லட்டும்.

ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன், ஊக்கு, பல்குச்சி, ஊசி எதையும் வச்சி அந்த வெள்ளைய குத்திப் பாக்காதீங்க. மேல்தோலு கெட்டியா இருந்தா தான் உள்ள தாது திரும்ப சேரும், குத்துனா அது ஒடைஞ்சி நீங்களே ஓட்டை போட்ட மாதிரி ஆயிடும். டாக்டருங்களே இப்ப கூர்மையான கம்பிய அழுத்திக் குத்துறது இல்ல, முனை உருண்டையா இருக்கிறத வச்சி மெதுவா தடவிப் பாக்குறது தான் வழக்கம். அதே மாதிரி ஆன்லைன்ல விக்கிற ஊதா வெளிச்ச டார்ச், லேசர் பேனா வாங்கி புள்ள வாயில அடிக்காதீங்க, கண்ணுல பட்டா கெடுதல், கிளினிக்ல அதுக்குன்னு கண்ணாடியும் ஃபில்டரும் இருக்கு.

கிளினிக்குக்கு போனா என்ன கேக்குறதுன்னு பலபேருக்கு தெரியல. பள்ளிக்கூடத்துக்கு வர்ற அரசாங்க பல் டீம் பாத்துட்டு சீட்டு குடுத்து விட்டாங்கன்னா அத பையில மடிச்சி வச்சி மறந்துடாதீங்க, அத எடுத்துக்கிட்டு அரசாங்கப் பல் கிளினிக்குக்கு போங்க. டாக்டர்கிட்ட தயங்காம சொல்லுங்க, "காத்தடிச்சி காயவச்சி பாருங்க டாக்டர், வெள்ளைப் புள்ளி இருக்கான்னு சொல்லுங்க." அஞ்சு வினாடி காத்து, நல்ல வெளிச்சம், பழகுன கண்ணு, இது மூணும் சேந்தா அதுவே மொத தரமான வெளிச்சப் பரிசோதனை, இதுக்கு தனி மெஷின் வேணாம், எல்லா கிளினிக்லயும் செய்யலாம். அடுத்தது, மெல்லிசான ஒளிநார் முனை உள்ள லைட்ட பல்லுக்கு பக்கத்துல வச்சி ஊடுருவிப் பாக்குறது. அதுவும் பெரிய செலவு இல்லாத முறை தான், உங்க கிளினிக்ல இருக்கான்னு கேளுங்க.

மெஷின் வேணும்னா ஈப்போ மாதிரி பெரிய டவுன்ல தனியார் கிளினிக்ல ஃபோன் பண்ணி கேட்டுட்டு போங்க, பெட்ரோலும் ஒரு நாள் லீவும் வீணாப் போகக் கூடாது. மெஷின் பேர சொல்லிக் கேட்டா பதில் சட்டுன்னு கெடைக்கும். ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி காட்டும், இங்க தான் ஜனங்க கொழம்புறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

டயக்னோகேம்னு ஒண்ணு, காவோ கம்பெனியோடது, கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்புப் பக்கத்து வெளிச்சம், அலைநீளம் 780 நானோமீட்டர். ரெண்டு மெத்தையான கை பல்லோட ரெண்டு பக்கமும் ஈறுல பட்டு உக்காரும், வெளிச்சம் ஈறு வழியா வேர் வழியா பல்லுக்குள்ள ஏறி மேல வரும், மேல இருக்கிற கேமரா படம் எடுக்கும். வலி சுத்தமா கெடையாது, கதிர்வீச்சும் கெடையாது. இதுல நல்ல எனாமல் வெளிச்சமா தெரியும், சொத்தை இருக்கிற எடத்துல வெளிச்சம் செதறி மேல வராததுனால கருப்பா தெரியும். ரெண்டு பல்லு ஒட்டுற எடத்துல கருப்பு முக்கோணம் மாதிரி தெரிஞ்சா எனாமல்ல ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

ஐடெரோ மாதிரி வாய ஸ்கேன் பண்ணி முப்பரிமாண உருவம் எடுக்கிற மெஷினும் இருக்கு, கம்பி போடுறவங்களுக்கு பயன்படுத்துறது, அதுல சில மாடல்ல 850 நானோமீட்டர் வெளிச்சம் சேத்திருக்காங்க. இதுல தலைகீழ்! இது ஊடுருவிப் போன வெளிச்சத்த பாக்கல, திரும்பி வர்ற வெளிச்சத்த பாக்குது, அதனால நல்ல எனாமல் கருப்பாவும் சொத்தை வெள்ளையாவும் தெரியும். ஆக படத்த காட்டுனதும் மொத கேள்வி, "இந்த மெஷின்ல கெட்டது கருப்பா வெள்ளையா?" இத கேக்காம படத்த பாத்து பயப்படவும் வேணாம், நிம்மதி ஆகவும் வேணாம்.

இன்னொரு வகை நீல வெளிச்சம், கியூஎல்எஃப்னு சொல்வாங்க, 405 நானோமீட்டர் வாக்குல. நல்ல பல்லு பச்சையா மின்னும், தாது போன எடம் மங்கிப் போயி கருமையா தெரியும், கிருமி சேந்து ரொம்ப நாள் ஆன அழுக்கு செவப்பா ஒளிரும். புள்ளைங்களுக்கு காட்டுறதுக்கு இத மாதிரி ஒண்ணு இல்ல, "பாருடா தம்பி இந்த செவப்பெல்லாம் நீ விளக்காம விட்டது"ன்னு காட்டுனா மறுநாளே பிரஷ்ஷ ஒழுங்கா புடிக்கிறானுங்க. அப்புறம் டயக்னோடென்ட், 655 நானோமீட்டர் செவப்பு லேசர், பேனா மாதிரி இருக்கும், பள்ளத்துல வச்சி சுத்துனா 0ல இருந்து 99 வரைக்கும் நம்பர் காட்டும். கடவாய் பள்ளத்துக்கு ஏத்தது. ஆனா டீ கறை, வெத்தலைக் கறை, பல்காறை, பழைய தம்பால் (ஓட்டைய அடைச்சது) இதெல்லாம் இருந்தா நம்பர் பொய்யா ஏறும். அதனால நம்பர மட்டும் நம்பி கொடைய விடக் கூடாது, அதே மெஷின்ல அதே பல்லுல போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவுங்கிறது தான் ஒதவும்.

கண் ஆஸ்பத்திரியில ஓசிடி எடுத்திருப்பீங்க, இனிப்பு நீர் இருக்கிற பெரியவங்களுக்கு நல்லா தெரியும். 1991ல அமெரிக்காவுல எம்ஐடியில வந்த முறை அது, பல்லுலயும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் வெட்டிப் பாத்த மாதிரி படம் குடுக்கும். பல்லுக்கு அது இன்னும் பெரும்பாலும் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில தான் இருக்கு, நம்ம பக்கத்து கிளினிக்ல தேடி அலையாதீங்க.

போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது கம்மி தான். பல்ல நல்லா விளக்கி, பல்லிடுக்குல நூல் போட்டு சுத்தம் பண்ணிட்டு போங்க. கறையும் காறையும் இருந்தா மொதல்ல கிளீனிங் பண்ணிட்டு அப்புறம் படம் எடுங்கன்னு கேளுங்க, கிளீன் பண்ற பேஸ்ட்டும் நல்லா கழுவிப் போகணும், மிச்சம் இருந்தா லேசர் நம்பர் மாறும்.

எக்ஸ்ரே வேணவே வேணாமான்னு கேப்பீங்க. அப்படி இல்ல. ரொம்ப ஆரம்பத்துல இருக்கிறது எக்ஸ்ரேல தெரியாது, கணிசமா தாது போன பெறகு தான் நெழல் விழும், அங்க வெளிச்சம் முந்திக்கும். ஆனா ஈறுக்கு அடியில இருக்கிற சொத்தை, வெள்ளித் தம்பாலுக்கும் பல்லு மேல மாட்டுற கேப்புக்கும் அடியில இருக்கிறது, நரம்பு வரைக்கும் எவ்வளவு தூரம் போயிருக்கு, வேர் முனையில சீழ் கட்டி இருக்கா, இதெல்லாம் வெளிச்சத்துல தெரியாது, எக்ஸ்ரே தான். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க, காரணம் சொன்னா எடுத்துக்கோங்க, பல்லுக்கு எடுக்கிறதுல கதிர்வீச்சு ரொம்பக் கம்மி. கன்னம் வீங்கி காய்ச்சலும் இருந்தா இந்த வெளிச்சப் பரிசோதனைய எல்லாம் யோசிக்காம அன்னைக்கே போயிடுங்க.

படத்துல புள்ளி தெரிஞ்சா ஒடனே கொடைஞ்சி தம்பால் பண்ணணும்னு இல்ல, இத நான் எத்தனை தடவை வேணாலும் சொல்வேன். டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது, மேல்தோலு ஒடைஞ்சி ஓட்டை ஆயிருக்கா, எனாமல்ல மட்டும் தானா டென்டின் வரைக்குமா, இப்ப வளந்துக்கிட்டு இருக்கா நின்னுபோச்சா. சொரசொரப்பா பளபளப்பு இல்லாம இருந்தா வளருதுன்னு அர்த்தம், வழவழப்பா மின்னுனா நின்னுபோனது. ஓட்டை விழாம எனாமல்ல மட்டும் இருந்தா கொடையாம காப்பாத்த வழி இருக்கு. ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவாங்க, வழக்கமா 5 சதவீதம் சோடியம் ஃபுளோரைடு, மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா, தடவுன அன்னைக்கு ராத்திரி விளக்கக் கூடாது, சூடா எதுவும் குடிக்கக் கூடாது. கடவாய் பள்ளத்த சீலண்ட் போட்டு மூடலாம். பல்லுக்கு நடுவுல இருக்கிறதுக்கு ஐகான்னு ஒரு மெல்லிய பிசின ஊற விடுற முறையும் இருக்கு, அதுக்கும் கொடைய வேணாம், தனியார்ல தான் பெரும்பாலும் செய்றாங்க.

வீட்டுல செய்ய வேண்டியது தான் பெரிய பங்கு. பேஸ்ட்ல ஃபுளோரைடு 1000 பிபிஎம்க்கு கொறையாம இருக்கணும், டியூப் பின்னாடி போட்டிருக்கும். மூணு வயசுக்குள்ள புள்ளைக்கு அரிசி அளவு, அதுக்கு மேல ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு, விளக்குனதும் துப்புனா போதும், தண்ணி ஊத்தி கொப்புளிக்காதீங்க, அந்த மிச்சம் தான் மருந்து. கொழாய் தண்ணியில ஃபுளோரைடு சேக்குறது நம்ம நாட்டுல 1957ல ஜோகூர்ல ஆரம்பிச்சது, 2005ல இருந்து அளவு 0.5 பிபிஎம். ஆனா தோட்டத்துல மலைத்தண்ணியோ கெணத்துத் தண்ணியோ குடிக்கிறவங்களுக்கு அது கெடைக்காது, ஆர்ஓ ஃபில்டர் போட்டிருந்தாலும் அது வடிஞ்சி போயிடும், அந்த வீட்டுல பேஸ்ட்டும் வார்னிஷும் இன்னும் முக்கியம்.

அப்புறம் இனிப்பு, எவ்வளவு சாப்புடுறோங்கிறத விட எத்தனை வாட்டி வாயில போடுறோங்கிறது தான் பல்லுக்கு கணக்கு. ஒரு தடவை இனிப்பு பட்டா வாய் பழைய நெலைக்கு வர அரை மணி நேரம் வாக்குல ஆகும். செம்பனை வெட்டப் போற அண்ணனுங்க போத்தல்ல சூசு (இனிப்புப் பால்) ஊத்துன டீய காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கிறாங்க, பல்லுக்கு அமிலம் ஓயவே இல்ல. அதே டீய பசியாறும்போது ஒரே மூச்சா குடிச்சிட்டு நடுவுல வெறும் தண்ணி குடிங்க, டீய விடச் சொல்லல. புள்ளைங்களுக்கு மைலோ சாப்பாட்டோட குடுங்க, பள்ளிக்கூடப் பைக்கு தண்ணி போத்தல் போதும்.

படம் எடுத்தா அதோட காப்பிய ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி கேட்டு வாங்கிக்கோங்க, தேதியும் எந்தப் பல்லுங்கிறதும் எழுதி வச்சிடுங்க, தோட்டத்த விட்டு டவுனுக்கு மாறிப் போனா பழைய கிளினிக் ஃபைல் கூட வராது. மூணு மாசமோ ஆறு மாசமோ டாக்டர் சொன்ன நேரத்துல அதே முறையில, அதே மெஷின் இருந்தா அதுலயே, திரும்ப எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க. வெள்ளை முழுசா மறையலன்னு சில அம்மாங்க கவலைப்படுறாங்க, மறையணும்னு அவசியம் இல்ல, பெருசாகாம வழவழப்பா மின்னுனா அது நின்னுபோன சொத்தை, சில சமயம் பழுப்பா கூட மாறும், அதுவும் நல்ல செய்தி தான், அழகுக்காக வேணும்னா பின்னால பாத்துக்கலாம். பெருசாயிருந்தா இல்ல மேல்தோலு ஒடைஞ்சிருந்தா அப்ப தம்பால் பண்ணிக்கோங்க, இந்த நெலையில பண்ணுனா கொடையிற எடமும் சின்னது, பல்லும் நெறைய மிஞ்சும்.